கம்மல் போடாத பத்தொன்பது ஆடுகள்

ஆட்டின் காதில் குத்தும் மஞ்சள் வில்லைக்கு நானும் என்னோடு வேலை பார்த்த லாலாவும் வைத்த பெயர் கம்மல். அந்த வில்லையில் ஒரு நம்பர் இருக்கும். நம்பர் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் அந்த ஆட்டுக்கு மலிவு விலைத் தீவனம் வரும். காய்ச்சல் என்றால் டாக்டர் பட்டியைத் தேடி வருவார், மருந்துக்குக் காசு கிடையாது. நம்பர் இல்லாத ஆடு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆடே இல்லை. இது ஒன்றும் கஷ்டமான விஷயம் இல்லை. எட்டாவது வரை படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் நான் ஒன்று செய்தேன். அதைத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால், "சரி சரி, சாப்பிட்டீங்களா" என்று நானே பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அப்பா கம்பெனியில் வேலை பார்ப்பதாக நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைகள் எல்லாம் முடிந்த பிறகு ரோடு மலையைப் பார்க்கத் திரும்பும். அங்கே மணலும் கல்லும் சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் மஸ்ரா. மஸ்ரா என்றால் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பேரீச்சை, தீவனப்புல் போட்ட இரண்டு பாத்தி, உப்பு கரிக்கிற ஒரு கிணறு, ஆட்டுப்பட்டி. புல்லும் மரமும் மோட்டாரும் என் பொறுப்பு. ஆடுகள் லாலாவின் பொறுப்பு.

லாலா பெஷாவருக்கு அந்தப் பக்கத்து மலைக்காரர். பட்டான்களில் மூத்தவரை மரியாதையாக லாலா என்பார்கள். எனக்கு முன்பிருந்தே, இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மஸ்ராவில் இருந்தவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எண்பத்து நான்கு ஆட்டையும் இருமலை வைத்தே அடையாளம் சொல்லுவார். நாங்கள் இரண்டு பேரும் உடைந்த ஹிந்தியில் பேசிக்கொள்வோம். எனக்கு ஹிந்தி சரியாக வராது, அவருக்கும் அப்படித்தான். அதனால் சண்டை வந்தால்கூட வார்த்தை கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும்.

முதலாளியை நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம். அரபி என்றதும் நீங்கள் படத்தில் பார்க்கிற பணக்காரரை நினைக்காதீர்கள். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பழைய பிக்கப்பில் வந்து பட்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு ஆட்டையும் அதன் தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அபுதாபியில் ஆபீஸ் வேலையில் இருக்கும் அவருடைய மகனுக்கு இந்த ஆடுகள் வேண்டாத சுமை. விற்றுத்தள்ளிவிடலாம் என்று வரும்போதெல்லாம் சொல்வார். அவரை நாங்கள் அர்பாப் என்போம், முதலாளி என்று அர்த்தம். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. அரசாங்கத் தீவனத்தில் எத்தனை ஆடு நிற்குமோ அத்தனை நிற்கட்டும். கடையில் வாங்கிப் போடும் நிலைமை வந்தால் ஆடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அந்த மலிவுத் தீவனத்தை நம்பித்தான் எண்பத்து நான்கு ஆடும், பாபாவின் சாயங்காலமும், எங்கள் இரண்டு பேர் விசாவும் இருந்தன.

போன குளிர்காலக் கடைசியில் பாபா வந்து புதுச் சட்டம் சொன்னார். அதுவரை ஆள் வந்து ஆட்டை எண்ணி எழுதிக்கொண்டு போவார்கள். இனிமேல் எல்லா ஆட்டுக்கும் காதில் நம்பர் குத்தி, தடுப்பூசி போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். எத்தனை நம்பரோ அத்தனை தீவனம். அவர் தன் காதைப் பிடித்துக் காட்டி, எங்களுக்குப் புரியும் பாஷையில் சொன்னார்: "நம்பர் மாஃபி, அக்கல் மாஃபி." நம்பர் இல்லையென்றால் சாப்பாடு இல்லை.

லாலா சிரித்துக்கொண்டே என்னை இடித்தார். "கேட்டியா, பொண்ணுங்களுக்கெல்லாம் கம்மல் போட ஆள் வராங்களாம். நீ தட்டு வரிசை எடுத்து வை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்த நாலு ஆடு ஞாபகம் இருக்கிறதா? தம்பி அப்போது சின்னப் பிள்ளை, பாப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆடுகளுக்கும் காதில் வில்லை போட்டார்கள். அப்போது சினையாக இருந்த கறுப்பாட்டுக்குக் காது சீழ் பிடித்து, புழு வைத்து, பத்தாம் நாள் இரண்டு குட்டியும் விழுந்துவிட்டது. காதுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒருவர் சொன்னார். கூடவே போட்ட ஊசிதான் காரணம் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மையோ, எனக்கு ஒன்றுதான் பதிந்தது. அன்றிலிருந்து ஊசிக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் சினை ஆட்டை ஓட்டிக்கொண்டுபோய்க் கருவேலங்காட்டுக்குள் விட்டுவிடுவேன். நான் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான். "எத்தனை உருப்படி?" என்று கேட்டால் நிற்பதை மட்டும் சொல்வோம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. ஆறு மாதத்தில் மறுபடி வருவார்கள், அதற்குள் குட்டி போட்டிருக்கும், அப்போது காட்டிக்கொள்ளலாம்.

மஸ்ராவில் அப்போது பத்தொன்பது ஆடு சினை.

டாக்டர்கள் வருவதாகச் சொன்ன நாளில் பாபாவுக்கு அபுதாபியில் கண் ஆபரேஷன். மகன் வீட்டிலேயே இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் போனில் இரண்டு தரம் சொன்னார்: "குல்லு, குல்லு." எல்லாம், எல்லாம். நான் சரி என்றேன்.

விடிந்ததும் பட்டிக்குள் போய் வயிறு தெரிகிற ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். லாலா தொழுகை முடித்து வந்து பார்த்தார்.

"என்ன பண்ற?"

"சினையெல்லாம் வாதிக்கு ஓட்டிட்டுப் போறேன் லாலா." மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வரும் கல் ஓடைக்கு வாதி என்று பெயர். எங்கள் மஸ்ராவுக்குப் பின்னால் ஒரு மேட்டைத் தாண்டி இருக்கிறது.

"பாபா எல்லாத்தையும்னு சொன்னாரே."

"பாபாவுக்கு என்ன தெரியும்? வயித்துல இருக்கறப்ப ஊசி குத்துனா குட்டி விழுந்துரும். எங்க வீட்டுல விழுந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

லாலா தாடியைத் தடவிக்கொண்டு ஆடுகளைப் பார்த்தார். அவருக்கு மனசு ஒப்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "குட்டி போட்ட பொறவு கம்மல் போடுவாங்களா?"

"போடுவாங்க. மறுபடி வருவாங்க."

"பேப்பர்ல அப்படி எழுதியிருக்கா?"

பாபா காட்டிய அறிவிப்பு அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது தேதியும் நேரமும் மட்டும்தான். "எழுதியிருக்கு" என்றேன்.

"சரி. நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார்.

அந்த மூன்று வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

வாதியில் கல்லோரமாக ஆடுகளை விட்டு, வாய்ப்பகுதியை முள்ளால் அடைத்துவிட்டுத் திரும்பினேன். ஒன்பது மணிக்கு வெள்ளை வண்டி வந்தது. இரண்டு உதவியாளர்கள், ஒரு டாக்டர். டாக்டர் மலையாளி. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். பாலக்காட்டுக்காரராம், தமிழ் கலந்தே பேசினார். வேலையும் சுத்தமாக இருந்தது. காதை மருந்தால் துடைத்து, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் ஒரே அழுத்து. ரத்தம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க என் மனசு கொஞ்சம் ஆடிப்போனது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஓடிப்போய் முள்ளை விலக்கி ஆடுகளைக் கொண்டுவந்திருக்கலாம். கால் மணி நேர நடைதான்.

அறுபத்தைந்து ஆடு முடிந்தது. டாக்டர் கையில் இருந்த பலகைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"போன தடவ எண்பத்து நாலுன்னு இருக்கே. பாக்கி எவிடே?"

"இவ்வளவுதான் சார்."

"பத்தொன்பது குறையுதே. அதும் போகட்டும், இத்தன ஆட்டுல ஒரு சினைகூட இல்லியா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான்தான் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். "வித்தாச்சு சார்" என்று வாய் தானாகச் சொல்லியது.

"சினை ஆட்டையா? யாரு சினைய விப்பா?" என்று சிரித்தார்.

பட்டியின் அந்தக் கோடியில் லாலா கடைசி ஆட்டின் காலை விடுவித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குப் புரியாது. நான் அவர் பக்கம் கையைக் காட்டினேன். "சந்தைக்குப் போறது அவருதான் சார். எனக்கு விவரம் தெரியாது."

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ தட்டினார். வண்டி போய்விட்டது. லாலா கைகழுவிக்கொண்டு வந்து, "கம்மல் நல்லாத்தான் இருக்கு, எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குதுங்க" என்றார். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் போய் வாதியிலிருந்து மற்றதுகளை ஓட்டிக்கொண்டு வந்தோம்.

நாலாம் நாள் மகன் வந்தார். அபுதாபியிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக அவர் வந்ததே இல்லை. வண்டியை விட்டு இறங்கும்போதே கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தார். நான் பேரீச்சைக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்தடி தூரம்தான்.

"அறுபத்தஞ்சு ஆடுன்னு மெசேஜ் வந்திருக்கு. பாக்கியை வித்துட்டதா சொல்லியிருக்கு. யார் வித்தது?" என்று ஹிந்தியில் லாலாவிடம் கேட்டார்.

லாலாவுக்கு முதலில் புரியவே இல்லை. "யாரும் விக்கல அர்பாப். எல்லாம் இங்கதான் இருக்கு. வாங்க, எண்ணிப் பாருங்க."

"இங்க இருக்கா? அப்ப ஏன் நம்பர் போடல?"

"சினை ஆடு. ஒதுக்கி வெச்சிருந்தோம்."

"ஒதுக்கி வெச்சியா? யாரக் கேட்டு?"

லாலா பட்டிக் கதவைத் திறந்துவிட்டார், மகன் உள்ளே பார்க்கவில்லை.

"நான் டாக்டருக்குப் போன் பண்ணேன். சந்தைக்குக் கொண்டுபோனது நீதான்னு எழுதியிருக்காராம். இருக்கற ஆட்ட வித்ததா சொல்றேன்னா என்ன அர்த்தம்? எங்கப்பா கண்ணைக் கட்டிப் படுத்திருக்காரு, கணக்குல இல்லாத ஆட்ட மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம்னுதானே?"

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நான் அப்படி…"

"இருபது வருஷமா நம்புனாரே!"

அப்போது லாலா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல்லேன், உனக்குத்தானே பேச வரும், என்கிற மாதிரி பார்த்தார். டாக்டரிடம் அவர் பெயரைச் சொன்னது நான்தான் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரியாது.

நான் குழாயை அடுத்த மரத்துக்கு மாற்றினேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பாப்பாவுக்கு இந்த வருஷம் காலேஜ். விசா போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மகன் என்னையும் சேர்த்துத் திருடன் என்று சொல்லிவிடுவாரோ என்று யோசித்தேன். பாபா வரட்டும், அவர் ஆடு தெரிந்தவர், அவரிடம் சொன்னால் புரியும் என்றும் யோசித்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனையும் யோசிக்க ஒரு மனுஷனுக்கு நேரம் வேண்டாமா? அந்த நேரத்தில் நான் செய்தது குழாயை மாற்றியது. யோசனையெல்லாம் பிறகு வந்தது.

லாலா என் பெயரைச் சொல்லவில்லை. நான் ஓட்டிக்கொண்டு போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை.

இரண்டு நாளில் அவருடைய விசா கேன்சல் ஆனது. முன்பெல்லாம் அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். இப்போது அபுதாபியில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே முடித்துவிட்டார்கள். லாலா தன் போனில் வந்த குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாமல் என்னிடம்தான் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். இந்தத் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று என் வாயாலேயே சொன்னேன்.

"ஊர்ல எல்லாரும் இருக்காங்கல்ல லாலா" என்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது.

"இருக்காங்க. அங்க நான் விருந்தாளி. மூணு நாளு ஆட்டுக்கறி போடுவாங்க. நாலாம் நாளு மூத்த மருமக கேப்பா, 'பாபாஜி, எப்பக் கிளம்புறீங்க?'" என்று சிரித்தார். பிறகு, "பதிமூணு பேரு சாப்பிடுற வீடு" என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

பாபா திரும்பி வந்தது அதற்கு அடுத்த வாரம். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. வெயிலும் தூசியும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்கவில்லை. நேரே பட்டிக்குள் போய் ஒற்றைக் கண்ணால் எண்ண ஆரம்பித்தார். இரண்டு தடவை எண்ணினார். எண்பத்து நான்கு. பிறகு சினை ஆடு ஒன்றைப் பிடித்து அதன் வெறும் காதைத் தடவிப் பார்த்தார். லாலா அப்போது கடைக்குப் போயிருந்தார்.

"லாலாவுக்கு என் ஆட்ட விக்கணும்னா இருபது வருஷம் காத்திருக்க வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்வது மாதிரி சொன்னார். "என்ன நடந்தது?"

அப்போதுதான் சொன்னேன். கறுப்பாடு, சீழ், விழுந்த குட்டிகள், வாதி, முள், டாக்டர் கேட்டது, நான் கையைக் காட்டியது. ஹிந்தியில் வராததைக் கையாலும் சொன்னேன். கையைக் காட்டிய இடத்தை விட்டுவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பாபா கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர் டிரம்மில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்து அந்த மலையாளி டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார். அவரிடமும் முழுதாகச் சொன்னேன்.

"எந்தா சேட்டா இது! சினைக்கு அந்த ஊசி நாங்க போடுறதே இல்ல. அதுக்குத்தானே சினை இருக்கான்னு கேட்டேன். ஊசியத் தள்ளி வெச்சிட்டு நம்பர் மட்டும் போட்டிருப்பேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

ஒரு வார்த்தை. அவர் கேட்டும் இருக்கிறார்.

டாக்டர் நல்ல மனுஷர். தப்பைத் திருத்தி எழுதி, மறு வாரமே வந்து பத்தொன்பதுக்கும் நம்பர் போட ஏற்பாடு செய்தார். ஆனால் தீவனம் அடுத்த தவணையில்தான் ஏறும், நடுவில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதை விடுங்கள். பாபா கடையில் வாங்கிச் சமாளித்தார், மகனோடு சண்டை போட்டார், அது அவர்கள் வீட்டு விஷயம்.

லாலாவின் விஷயம்தான் திரும்பவில்லை. பாபா என்னையும் ஏற்றிக்கொண்டு விசா பேப்பர் தட்டச்சு செய்யும் கடைக்குப் போனார். கேன்சலைக் கேன்சல் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டார். கவுண்டரில் இருந்தவர் லாலாவின் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் விசாவை இந்த வயதிலும் புதுப்பித்துக்கொண்டே போகலாமாம். ஒரு தடவை அறுந்துவிட்டால், இந்த வயது ஆளுக்குப் பட்டி வேலைக்கென்று புதிதாக எடுப்பது நடக்காது என்றார். பாபா கோபப்பட்டார். தான் நாட்டுக்காக உழைத்தவன் என்றார். அந்த ஆள் மரியாதையாக எழுந்து நின்று, "பாபா, கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றார். வெளியே வந்து பாபா வண்டியில் சாவியைப் போட்டுவிட்டு, கிளப்பாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மூடி போட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் செய்த கண் அப்படித்தான் வழியும். நானாக எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் லாலா கட்டிலில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன். "லாலா, டாக்டர்கிட்ட உங்க பேரச் சொன்னது நான்தான்."

"தெரியும். பாபா சொன்னாரு."

"பயத்துல சொல்லிட்டேன்."

"ம்."

அவர் ஒரு சால்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஆட்ட ஒளிச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. கதவத் தொறந்து பிடிச்சது நான்தானே. டாக்டர்கிட்ட பொய் சொன்ன, அதும் சரி, போலீஸ்காரனப் பாத்தா நானும்தான் பொய் சொல்லுவேன்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா அந்தப் பையன் என்னத் திருடன்னு சொல்றப்ப நீ தண்ணி விட்டுக்கிட்டு இருந்த பாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஹிந்தியில் எனக்குத் தெரிந்த வார்த்தை பஸ்ஸில் காலை மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை. அதைத்தான் சொன்னேன். அவர் சால்வையைப் பைக்குள் வைத்துவிட்டு, "நெத்தியில வெள்ளை இருக்குல்ல, அது பக்கத்துல படு. இந்தத் தடவ அதுக்குக் கஷ்டமா இருக்கும். ரெட்டைக்குட்டி" என்றார். ஏர்போர்ட்டுக்குப் பாபாவே கூட்டிப்போனார். என்னை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நெற்றியில் வெள்ளை இருந்த ஆடு இரட்டைக்குட்டிதான் போட்டது. ஒரு குட்டி நின்றது, ஒன்று போய்விட்டது. லாலா இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றவையெல்லாம் நல்லபடியாகப் போட்டன. கம்மல் போட்ட காதில் ஒன்றுகூடச் சீழ் பிடிக்கவில்லை.

அரசாங்கம் ஏழைக்கோ பணக்காரருக்கோ ஒன்று கொடுக்கும்போது ஏதாவது கேள்வி கேட்கத்தான் செய்யும். கேட்பவர் நமக்குக் கெடுதல் செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்தே நாங்கள் வளர்ந்துவிட்டோம். சில சமயம் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது, அதனால் உங்களுக்குப் பெரிய புத்தியாக எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த டாக்டர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று மட்டும் இப்போது தெரிகிறது. மற்றது வேறு. யாராவது உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால், யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து லாலாவின் மகன் ஒரு தடவை போன் செய்தான். அப்பா நன்றாக இருக்கிறார் என்றான். அவரிடம் கொடு என்றேன். தூங்குகிறார் என்றான். அங்கே அப்போது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும்.

போன வாரம் புதுத் தவணைத் தீவனம் வந்தது. எண்பத்து நான்கு ஆட்டுக்கும் சேர்த்து முழுதாக வந்தது. டிரைவர் வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஒரு மூட்டையை இரண்டு முனையிலும் ஆள் பிடித்தால்தான் கொட்டகைக்குள் கொண்டுபோக முடியும். புது ஆள் இன்னும் வரவில்லை, மகன் எடுக்கவும் மாட்டார் போலிருக்கிறது. நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பாபா வந்து மற்ற முனையைப் பிடித்தார். கண் டாக்டர் அவரைக் குனியவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். "வேணாம் பாபா, நான் இழுத்துக்கிறேன்" என்றேன்.

"யல்லா, தூக்கு" என்றார்.

தூக்கினேன். இருபத்தாறு மூட்டை. கடைசி வரைக்கும் அவர் விடவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை.